அறுக்கச் சொன்ன படகு

படகை இரண்டாக அறுப்பதற்குத்தான் அன்வர் சாதிக்கைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கூப்பிட்டவர் பெரியகருப்பன். காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறவர். நிலை, கதவு, தூண், பீங்கான் ஜாடி என்று எது வந்தாலும் வாங்கிப் போடுவார். கடற்கரைச் சாலையில் மூடிக் கிடந்த ஒரு உல்லாச விடுதியின் சாமான்களை மொத்தமாக எடுத்தபோது, கட்டில், மெத்தை, நாற்காலிகளோடு இந்தப் படகும் லாரியில் வந்து இறங்கிவிட்டது. வெள்ளை ஃபைபர் படகு, பத்தொன்பது அடி. பாய்மரத்தைச் சாய்த்து மேலேயே கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு மூட்டையில் பாய்கள். பின்பக்கத் தகட்டில் 1986 என்று இருந்தது.

"ஓட்டல் ஒண்ணு புதுசாத் தெறக்குறாக, அன்வர் பாய். நீளவாக்குல ரெண்டா அறுத்து, ஒரு பாதியை வாசல்ல ரிசப்ஷன் மேசையாப் போடணுமாம். மத்தப் பாதியை நீயே எடுத்துக்க" என்றார்.

அன்வர் பதினான்கு வருடம் மஸ்கட்டில் படகு பழுது பார்க்கும் யார்டில் வேலை பார்த்தவன். கொரோனாவில் யார்டை மூடியதும் ஊருக்கு வந்து, தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, பஸ்ஸின் முன்பம்பர் என்று ஃபைபரில் எது கேட்டாலும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். அதே ஷெட்டின் முன்பாதியில் அவன் மனைவி சுமையா கார் சீட்டுக்கு உறை தைத்தாள். அன்று அவளும் கூட வந்திருந்தாள். அறுத்து முடித்ததும் இரண்டு பேருமாகப் போய் ரெக்சின் வாங்குவதாக ஏற்பாடு.

அன்வர் கட்டரை மின்சாரத்தில் செருகினான். ஆனால் சுவிட்சைப் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துப் படகின் விலாவில் தட்டினான். டக். ஒரு சாண் தள்ளித் தட்டினான். டக். அப்படியே தட்டிக்கொண்டு மூக்கு வரை போய், மறுபக்கம் சுற்றி வந்தான். மேலே ஏறித் தளத்தைத் தட்டினான். பாய்மரம் நிற்கும் இடத்தில் மட்டும் சத்தம் மாறியது. பொத், பொத்.

"என்ன மச்சான், அறுக்கலையா?" என்றாள் சுமையா.

அவன் கீழே இறங்கி அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "இது நல்ல உசுரோட இருக்கு சுமையா. அந்தக் காலத்துல ஃபைபர் எம்புட்டுத் தாங்கும்னு எவனுக்கும் தெரியாது. பயத்துல ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டுக் கட்டிருக்கான். இன்னைக்கு இம்புட்டுக் கனமா ஒருத்தனும் கட்டமாட்டான். மேல்தளந்தான் ஒரு இடத்துல ஊறியிருக்கு. அதைச் சரி பண்ணிறலாம்."

"சரி பண்ணி?"

அவன் திரும்பிப் படகைப் பார்த்தான். மஸ்கட்டில் நூற்றுக்கணக்கான படகுகளைச் செப்பனிட்டு, கிரேனில் தூக்கித் தண்ணீரில் இறக்கி, அவை போவதைக் கரையில் நின்று பார்த்தவன். ஒன்றில்கூட அவன் போனதில்லை. யாரும் வா என்று கூப்பிடவில்லை.

சுமையா ஏணியில் ஏறிப் படகுக்குள் உட்கார்ந்து பார்த்தாள். பின்பக்கத்தில் சுக்கானின் மரக்கைப்பிடி இருந்தது. அதைப் பிடித்து இங்குட்டும் அங்குட்டும் அசைத்தாள். அவளுக்கு முன்னால் பெரியகருப்பனின் கொட்டகைச் சுவரும், சாய்த்து வைத்த நாலு தேக்குக் கதவுகளும்தான் தெரிந்தன. ஆனாலும் கைப்பிடியை விட மனம் வரவில்லை. ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

அவள் அங்கிருந்தபடியே கேட்டாள். "அண்ணே, ஓட்டல்காரவுகளுக்கு வேண்டியது படகா, படகு மாதிரி மேசையா?"

பெரியகருப்பன் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொல்றீக தங்கச்சி?"

"இது மேலயே அச்சு எடுத்து, புதுசா ஒரு பாதிப் படகு வார்த்துக் குடுக்குறோம். கீறல் இருக்காது, கறை இருக்காது. கலரும் அவுக கேக்குற கலரு. அதுக்குக் கூலி வேணாம். இந்தப் படகை எங்களுக்குக் குடுத்துருங்க."

அச்செடுக்கும் யோசனை அன்வருக்கே தோன்றியிருக்கவில்லை.

பெரியகருப்பன் தாடையைத் தடவினார். "பத்து நாள்ல திறப்பு விழா. அதுக்குள்ள முடியுமா?"

"ஒன்பது நாள்ல தாரோம்" என்றாள் சுமையா.

வண்டியில் திரும்பும்போது அன்வர் சிரித்துக்கொண்டே வந்தான். "ஒன்பது நாள்னு எதை வெச்சுச் சொன்ன?"

"நீங்க பத்து நாளாகும்னு சொல்லிருவீகளோன்னு பயந்துதான்."

ஒன்பது நாளும் பெரியகருப்பன் கொட்டகையிலேயே கிடந்தார்கள். ஒரு பக்க விலாவை உப்புத்தாளால் தேய்த்து, ஆறு முறை மெழுகு பூசி, மேலே கண்ணாடி இழை மேட்டும் ரெசின் பசையுமாக அடுக்கி அச்செடுத்தார்கள். அச்சு விட்டு வரவில்லை. மர ஆப்புகளைச் சுற்றிலும் தட்டிச் செருகி, இடுக்கில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு மதியத்தில் 'பளார்' என்று சத்தம் கேட்டது. அச்சு தனியாக வந்து விழ, பளபளவென்று படகு நின்றது. அச்சுக்குள் வார்த்த பாதிப் படகுக்கு ஓட்டல்காரர்கள் கேட்ட நீலத்தைப் போட்டார்கள். வந்து பார்த்த மேனேஜர் மேசையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பழசைவிட இதுதான் சார் ஒரிஜினல் மாதிரி இருக்கு" என்றார்.

படகு சுமையாவுடையதும் அன்வருடையதும் ஆயிற்று.

பழைய டிராக்டர் டிரெய்லரின் அடிச்சட்டத்தில் ஏற்றி அதை ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் கேள்வி. "என்ன ஷூட்டிங் பாய்?" "எந்தக் கோயிலுக்கு வாகனம் போகுது?" டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த ஒருவர் மட்டும், "இங்க கடலு எங்கய்யா இருக்கு?" என்று கத்தினார். கடல் தொண்டியில் இருந்தது, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால்.

ஆனால் அந்தத் தூரம் நல்லதுக்குத்தான் என்றான் அன்வர். பழைய ஃபைபர் படகுக்கு முதல் எதிரி உள்ளே ஊறிய ஈரம். மஸ்கட்டில் அதைக் காயவைக்க விளக்குப் போட்டு, காற்றாடி போட்டுப் பாடுபடுவார்கள். இங்கே சித்திரை வெயில் அந்த வேலையைச் சும்மா செய்தது. தளத்தில் மெத்தென்று இருந்த இடத்தின் மேல்தோலை அன்வர் சதுரமாக அறுத்துத் தூக்கினான். உள்ளே இருந்த மரம் ஊறிய புண்ணாக்குப் போலக் கறுத்துப் போயிருந்தது. கரண்டியால் சுரண்டிச் சுரண்டி ஒரு வாளி நிறைய அள்ளினாள் சுமையா. பிறகு அந்தக் குழியை ஒரு மாதம் அக்கினி நட்சத்திரத்துக்குத் திறந்து வைத்துவிட்டு, காய்ந்ததும் புது ப்ளைவுட் வைத்து மேல்தோலை ஒட்டினார்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களைப் பஞ்சால் உருவிப் பார்க்கச் சுமையாவிடம் சொன்னான் அன்வர். ஆறு இடத்தில் பஞ்சு மாட்டியது. கண்ணுக்குத் தெரியாமல் இழை முறிந்த இடங்கள் அவை. வடம் முழுவதையும் மாற்றினார்கள்.

அவர்களை அழவைத்தது கீல்தான். படகின் வயிற்றுக்குள் ஒரு நீளமான இடுக்கு. அதற்குள்ளிருந்து கத்திபோலக் கீழே இறங்க வேண்டிய கனத்த இரும்புத் தகடு அது. தகடு இறங்காவிட்டால் பாய்மரப் படகு நண்டு போலப் பக்கவாட்டில்தான் நகரும். அது துருப்பிடித்து ஊதி, இடுக்கோடு இறுகிப் போயிருந்தது. படகைச் செயின் பிளாக்கில் தூக்கிக் கட்டி, மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். சம்மட்டியால் அடித்தார்கள். மறுநாளும் ஊற்றி அடித்தார்கள். நாலாவது நாள் அன்வர் சம்மட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தான்.

"போதும் சுமையா. வயித்தைக் கிழிச்சாத்தான் வரும். கிழிச்சா மறுபடி கட்டுறதுக்குப் புதுசே வாங்கிறலாம். அன்னைக்கே அறுத்திருக்கலாம் போல."

சுமையாவுக்குச் சுருக்கென்றது. "அன்னைக்குக் கட்டரைக் கையில எடுத்தப்ப ஒங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நான் பாத்தேன். இப்ப வந்து இதைச் சொல்லாதீக."

அவள் எழுந்து போய்ப் பக்கத்து ஒர்க்ஷாப்பில் லாரி ஜாக்கியை இரவல் வாங்கி வந்தாள். இடுக்கின் மேலே குறுக்காக ஒரு இரும்புச் சட்டத்தைப் போட்டு இறுக்கி, அதற்கும் தகட்டுக்கும் நடுவே ஜாக்கியைத் தலைகீழாக நிறுத்தினான் அன்வர். அவள் கம்பியைப் போட்டுத் திருகினாள். கால் சுற்று. இன்னொரு கால் சுற்று. எங்கோ உள்ளே 'கிரீச்' என்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த திருகலில் தகடு மொத்தமாகக் கீழே பாய்ந்து மண்ணில் குத்தி நின்றது. துருப்பொடி மேகமாக எழும்பி இருவர் முகத்தையும் செக்கச் சிவக்க ஆக்கிவிட்டது. அன்வர் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். ரோட்டில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவன் கவலைப்படவில்லை.

பாய்கள் முழுக்கச் சுமையாவின் பொறுப்பு. எலி கடித்திருந்தது, ஓரத் தையல்கள் வெயிலில் இற்றுப் போயிருந்தன. விரித்துப் பார்க்க ஷெட்டில் இடம் போதாமல், ஆடி மாதம் கல்யாணம் இல்லாமல் கிடந்த ஒரு மண்டபத்தைக் கேட்டு வாங்கினாள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. ஒரு கல் பத்து அங்குலம். கல்லை எண்ணியே பாயின் நீள அகலத்தை எழுதிக்கொண்டாள். கார் சீட் தைக்கிற கனத்த மிஷினில், வளைவுத் தையலாக, வரிசைக்கு மூன்று முறை ஓட்டினாள். கூடவே போனில் வீடியோ பார்த்துப் படித்தாள். காற்று எந்தப் பக்கம் அடித்தால் பாயை எவ்வளவு இழுக்க வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்றெல்லாம். சோறு பொங்கும்போதுகூடக் கரண்டியைச் சுக்கானாகப் பிடித்துப் பழகினாள்.

தைத்து முடித்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. "ஒரு தடவ ஏத்திப் பாப்போம் மச்சான். இங்கனயே."

"ஆடிக் காத்து. அம்மியே பறக்கும்."

"இது அம்மியைவிடக் கனம்."

டிரெய்லரின் சக்கரங்களுக்குச் செங்கல் வைத்து, ஷெட்டின் முற்றத்திலேயே பாய்மரத்தை நிறுத்திப் பெரிய பாயை ஏற்றினார்கள். வெள்ளைப் பாய் தென்னைமர உயரத்துக்கு விரிந்தது. ஒரு கணம் சும்மா தொங்கியது. அப்புறம் மேற்கிலிருந்து ஒரு வீச்சு வந்தது. பாய் 'தடார்' என்று புடைத்தது. செங்கற்கள் நொறுங்கின. சுமையாவையும் தூக்கிக்கொண்டு படகு சக்கரத்தில் உருண்டு கிளம்பிவிட்டது.

"கயித்தை விடு! கயித்தை விடு!" என்று அன்வர் பின்னாலேயே ஓடினான். அவள் பாயை இழுத்துப் பிடித்திருந்த கயிற்றை விட்டாள். படகு காம்பவுண்டுச் சுவரை மெதுவாக முட்டி நின்றது. ரோட்டில் போன பஸ் நின்றிருந்தது. உள்ளிருந்தவர்கள் கைதட்டினார்கள். சுமையாவுக்கு முழங்கை சிராய்த்திருந்தது. ஆனால் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"மச்சான், இது ஓடுது!"

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை டிராக்டரில் கட்டித் தொண்டிக்குக் கொண்டு போனார்கள். அங்கே வேல்பாண்டி இருந்தார். மீன்பிடிக்கிறவர். எஞ்சின் பூட்டிய ஃபைபர் வள்ளம் வைத்திருந்தார். அதன் ஓட்டையை ஒருமுறை அன்வர் அடைத்துக் கொடுத்த பழக்கம். கடலோரக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதற்கும் அவர்தான் கூட வந்தார். படகைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பாக்க அம்சமா இருக்கு. ஆனா எஞ்சின் இல்லாம இந்தக் காலத்துல யாரு போறாக? சரி, நான் வள்ளத்துல கூட வாரேன். காலையில கரைக் காத்து, கச்சான், அதுவே ஒங்கள வெளிய தள்ளிக்கிட்டுப் போயிரும். பதினோரு மணி வாக்குல கொஞ்ச நேரம் காத்துச் செத்துரும். அப்புறம் கொண்டல் திரும்பும், கடல்லேருந்து கரைக்கு. அதுல திரும்பி வந்துருங்க. வர முடியலேன்னா நான் கட்டி இழுத்துட்டு வாரேன், பயப்படாதீக."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பதினைந்து பேர் சேர்ந்து தள்ள, படகு தண்ணீரைத் தொட்டது. முப்பத்தேழு வயதுப் படகு லேசாகத் தலையை ஆட்டிவிட்டு நேராக மிதந்தது. மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு இருவரும் ஏறினார்கள். அன்வர் கீலை இறக்கினான். சுமையா பாயை ஏற்றினாள். சுக்கான் அவள் கையில் இருந்தது. அப்படி யாரும் பேசி வைக்கவில்லை, உட்கார்ந்த இடம் அப்படி அமைந்துவிட்டது.

கரைக்காற்று பின்னாலிருந்து அணைத்துத் தள்ளியது. வேல்பாண்டியின் வள்ளம் வெகு தள்ளிப் பின்னால் வந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. தண்ணீர் விலாவில் உரசுகிற சத்தம் மட்டும். சுக்கானை ஒரு விரல் அசைத்தால் மூக்கு ஒரு முழம் திரும்பியது. அவள் திருப்பினாள், நேராக்கினாள், மறுபடி திருப்பினாள். கையில் உயிருள்ள ஒன்றைப் பிடித்திருப்பது போல இருந்தது. காரணம் இல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். அன்வரும் சிரித்தான். தான் ஒட்டிய தளத்தைக் காலால் மிதித்து மிதித்துப் பார்த்தான். "கல்லு மாதிரி இருக்கு சுமையா, கல்லு மாதிரி!"

பதினோரு மணிக்கு, வேல்பாண்டி சொன்னது போலவே காற்று செத்தது. கரை கோடாகத் தெரிந்தது. பாய் தொளதொளத்துத் தொங்க, படகு நின்ற இடத்திலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் அன்வரின் முகம் வெளுத்தது. இருபதாவது நிமிடத்தில் அவன் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, காலையில் தின்ற இடியாப்பம் முழுவதையும் கடலுக்குக் கொடுத்தான். பதினான்கு வருடம் படகோடு கிடந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"யா அல்லாஹ்" என்று முனகிக்கொண்டு அவன் படுத்துவிட்டான்.

சற்றுத் தள்ளி மிதந்துகொண்டிருந்த வேல்பாண்டி அதைப் பார்த்தார். "நான் வந்து கட்டி இழுக்கட்டா தங்கச்சி?" என்று கூவிக்கொண்டே எஞ்சினைக் கிளப்பினார். அது உறுமியது, நாலு அடி நகர்ந்தது, 'கடக்' என்று நின்றது. அவர் குனிந்து எட்டிப் பார்த்தார். மிதந்து வந்த கிழிசல் வலை ஒன்று எஞ்சினின் விசிறியில் சுற்றி, விசிறியைப் பிடித்திருக்கும் ஆணியையும் முறித்துவிட்டிருந்தது. மாற்று ஆணி கரையில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் கிழக்கே கடல்மேல் ஒரு கறுத்த கோடு தெரிந்தது. கோடு நெருங்கி வந்தது. கொண்டல். சுமையாவின் கன்னத்தில் முதலில் பட்டது, பிறகு பாயில். படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடத் தொடங்கியது.

"நீங்க போங்க தங்கச்சி! நான் போன் போட்டு வேற வள்ளத்தை வரச் சொல்றேன்!" என்றார் வேல்பாண்டி.

"கயிறு வெச்சிருக்கீகளா?" என்று கத்தினாள் அவள்.

"எதுக்கு?"

"கட்டி இழுக்கத்தான்!"

அவர் சிரித்தது அவளுக்குக் கேட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாய்மரப் படகுக்குப் பிரேக் கிடையாது. காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்பினால்தான் நிற்கும். காற்று போகிற திசையில் வள்ளத்தைத் தாண்டிப் போய், அங்கிருந்து திரும்பிக் காற்றை நோக்கி ஏறி, சரியாக அதன் பக்கத்தில் வேகம் சாக வேண்டும். கரண்டியில் நூறு முறை செய்தது. முதல் தடவை அவள் தாமதமாகத் திருப்பினாள். படகு வேல்பாண்டியின் மூக்குக்கு முன்னால் பறந்து போயிற்று. அவர் எறிந்த கயிறு தண்ணீரில் விழுந்தது.

"பாய், பாயை எறக்கச் சொல்லுங்க!" என்று அவர் அன்வரைப் பார்த்துக் கத்தினார்.

படுத்திருந்த அன்வர் தலையைத் தூக்கினான். "எறக்காத. இன்னொரு தடவ போ. நான் பிடிக்கிறேன்" என்றான்.

அவள் பெரிய வட்டமாகச் சுற்றி வந்தாள். இந்த முறை முன்னாலேயே சுக்கானைத் தள்ளினாள். மூக்கு காற்றை நோக்கி ஏறியது. பாய் படபடத்தது. வேகம் குறைந்தது, குறைந்தது, வள்ளத்துக்கு ஒரு கை தூரத்தில் படகு அப்படியே நின்றது. வேல்பாண்டி கயிற்றை எறியவில்லை, நீட்டினார். அன்வர் தவழ்ந்து போய் வாங்கிப் பின்பக்கக் கொக்கியில் இரண்டு சுற்றுப் போட்டு இறுக்கினான். கட்டி முடித்த கையோடு மறுபடி வாந்தி எடுத்தான்.

கயிறு விறைத்தது. படகு ஒரு முறை குலுங்கித் தயங்கியது. பின்பு பாய் புடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடக்கத் தொடங்கியது. வேகம் அதிகமில்லை. கரைக்கு வர நாலு மணி நேரம் ஆயிற்று. ஆனால் அந்த நாலு மணி நேரமும் சுமையா ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தாகமே எடுக்கவில்லை.

எஞ்சின் வள்ளத்தைப் பாய்ப்படகு இழுத்து வருவதைக் கரையில் முதலில் பார்த்தவர்கள் நம்பவில்லை. பிறகு விசில் அடித்தார்கள். "வேலு, என்னப்பா, பொம்பளப் புள்ள ஒன்னயக் கட்டி இழுத்துட்டு வருது!" என்று ஒருவர் சத்தம் போட்டார்.

வேல்பாண்டி வள்ளத்திலிருந்து குதித்து, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து படகின் விலாவைத் தட்டினார். "சிரிக்கிறவன் சிரிக்கட்டும். தங்கச்சி, ரெண்டாவது தடவ வந்து நின்னீகள்ல, அந்த மாதிரி எனக்கு எஞ்சினை வெச்சுக்கிட்டே நிறுத்த வராது" என்றார்.

மணலில் கால் பட்டதும் அன்வருக்கு உயிர் வந்துவிட்டது. இரண்டு டம்ளர் சர்பத் குடித்தான். "இனி கடல் ஒனக்கு, கரை எனக்கு. நீ ஒடச்சுக் கொண்டா, நான் ஒட்டிக் குடுக்குறேன்" என்றான்.

"நான் ஏன் ஒடைக்கிறேன்?" என்றவள், படகின் அடித்தளப் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

"மச்சான், எங்கனயோ ஒழுகுது."

அன்வரின் கண் பளிச்சென்றது. டிரெய்லரில் ஏற்றி வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, வேல்பாண்டியிடம் வாளி வாங்கி, படகுக்குள் நல்ல தண்ணீரை ஊற்றினான். உள்ளே ஊற்றினால் வெளியே எங்கே சொட்டுகிறதோ அதுதான் ஓட்டை. இருவரும் படகின் அடியில் மல்லாந்து படுத்து, மாலை வெயிலில் வெள்ளை வயிற்றையே பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் அடைத்துவிட முடியுமா என்று சுமையா கேட்டாள். புதன்கிழமையே முடித்துவிடலாம் என்றான் அன்வர்.

"அந்தா!" என்று அவள் கையை நீட்டினாள். கீலைப் பிடித்திருந்த ஆணியின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு, கொஞ்சம் தயங்கி, அவள் நெற்றியில் விழுந்தது.